விருந்தினர் ஓவியர் மேசை: வாசகர் கேள்வி – பதில்

காமிக்ஸ், அனிமே, அறிவியல் புனைகதை ரசிகர் விழாக்களுக்கு விருந்தினராகப் போகும் ஓவியர்களும், போகக் காத்திருப்பவர்களும் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறோம். பாதிப் பேர் ‘பெயர் போட வேண்டாம்’ என்று கேட்டிருந்தார்கள். அதனால் எல்லாப் பெயர்களையும் எடுத்துவிட்டோம். பலர் கேட்ட ஒரே கேள்வியை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

கேள்வி: ஆர்ட்டிஸ்ட் ஆலியில் (விழாவில் ஓவியர்கள் மேசை போட்டு விற்கும் பகுதி) டேபிள் போடுபவருக்கும் விருந்தினர் ஓவியருக்கும் என்ன வித்தியாசம்? இரண்டு பேருமே மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து படம்தானே வரைகிறார்கள்?

பதில்: மேசை ஒன்றுதான். ஆலியில் இருப்பவர் வாடகை கட்டி இடம் பிடித்தவர். அவருடைய நேரம் அவருக்கே சொந்தம். விருந்தினருக்கு வாடகை கிடையாது, பயணச் செலவையும் பெரும்பாலும் அமைப்பாளர்களே ஏற்கிறார்கள். பதிலுக்கு அவருடைய நேரத்தில் ஒரு பங்கை அவர்கள் வாங்கிவிடுகிறார்கள்: மேடைப் பேச்சு, கையெழுத்து நேரம், வரைந்து காட்டும் டெமோ, நன்கொடை ஏலத்துக்கு ஒரு படம், சில நேரம் போட்டிக்கு நடுவர் வேலை. ‘சும்மா கூப்பிட்டிருக்கிறார்கள்’ என்று நினைத்துப் போகிறவர்தான் இரண்டாம் நாள் மாலை மூச்சுவாங்குகிறார்.

ஒரு கொசுறு: 1939-இல் நியூயார்க்கில் நடந்த முதல் உலக அறிவியல் புனைகதை மாநாட்டின் கௌரவ விருந்தினர் எழுத்தாளர் அல்ல, ஓவியர். பத்திரிகை அட்டைப்படங்களுக்குப் பேர்போன ஃபிராங்க் ஆர். பால். ஓவியருக்கு இந்த நாற்காலி புதிதில்லை.

கேள்வி: அழைப்பு மின்னஞ்சல் வந்திருக்கிறது. ‘பயணம், தங்குமிடம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்’ என்று ஒரே ஒரு வரி. உடனே சரி சொல்லிவிடலாமா?

பதில்: மகிழ்ச்சியைத் தெரிவித்து உடனே பதில் போடுங்கள். ‘சரி’ மட்டும் அந்த மடலில் வேண்டாம். அந்த ஒரு வரிக்குள் பத்துக் கேள்விகள் ஒளிந்திருக்கின்றன.

டிக்கெட்டை அவர்களே எடுப்பார்களா, நீங்கள் எடுத்துப் பிறகு பணம் வாங்க வேண்டுமா? பிறகு என்றால் எத்தனை நாளில்? விற்கக் கொண்டுபோகும் பிரின்ட் (அச்சிட்ட படம்) பெட்டிக்கான கூடுதல் சுமைக் கட்டணம் அதில் சேர்த்தியா? எத்தனை இரவு அறை? விழாவுக்கு முந்தின இரவும் முடிந்த இரவும் சேர்ந்தால்தான் கணக்கு சரி. விழா மூன்று நாள் என்று மூன்று இரவு மட்டும் பதிவு செய்துவிட்டு, முந்தின நாளே வந்தவரை விழாவின் கடைசி நாள் காலை பெட்டியோடு வரவேற்பறையில் நிற்கவைப்பது அடிக்கடி நடக்கிறது. அறை உங்களுக்கு மட்டுமா, இன்னொரு விருந்தினரோடு பகிர வேண்டுமா? சாப்பாட்டுச் செலவு உண்டா? கூட வரும் உதவியாளருக்கு நுழைவு அட்டை உண்டா?

அடுத்து வேலை. ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் மேடையிலும் கையெழுத்து மேசையிலும்? கையெழுத்து இலவசமா, கட்டணமா? இலவச ஸ்கெட்ச் போட வேண்டுமா? உங்கள் மேசையில் விற்கும் பணம் முழுவதும் உங்களுக்கா, அவர்களுக்குப் பங்கு உண்டா? மேடை நிகழ்ச்சியைப் பதிவு செய்து வெளியிடுவார்களா? விழா ரத்தானால் நீங்கள் ஏற்கெனவே செலவழித்ததற்கு யார் பொறுப்பு?

இத்தனையையும் ஒரே மடலில் கேட்டு, ஒரே மடலில் பதில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தொலைபேசியில் பேசியிருந்தாலும் ‘நாம் பேசியபடி’ என்று தொடங்கி எழுதி அனுப்பிவிடுங்கள். அமைப்பாளர்களை நம்பாமல் சொல்லவில்லை. இந்த விழாக்களில் பலவும் தன்னார்வலர்களின் கையில் நடப்பவை. உங்களை அழைத்தவர் நடுவில் பொறுப்பு மாறிப் போயிருப்பார், கணக்குப் பார்ப்பவருக்கோ விஷயமே தெரியாது. அப்போது பேசுவது அந்த மடல்தான்.

‘விழா போஸ்டருக்கு ஒரே ஒரு படம் மட்டும் போட்டுக் கொடுங்களேன்’ என்று கேட்டால் அது தனி வேலை, அழைப்பில் சேராது. எந்த ஆண்டு விழாவுக்கு, எதில் எல்லாம் அச்சிடலாம், டி-ஷர்ட்டில் போட்டு விற்கலாமா, மூலப்படம் யாருக்கு என்று தனியாக எழுதி, தனியாகக் கட்டணம் பேசுங்கள்.

கேள்வி: ஒரு நாளில் எத்தனை கமிஷன் படங்கள் (ரசிகர் கேட்டபடி அங்கேயே வரைந்து தருபவை) எடுக்கலாம்? போன முறை ஆசைப்பட்டு இருபது ஒப்புக்கொண்டு அவஸ்தைப்பட்டேன்.

பதில்: வீட்டில் ஒரு படத்துக்கு ஆகும் நேரத்தை வைத்துக் கணக்குப் போட்டிருப்பீர்கள். அரங்கில் அந்தக் கணக்கு செல்லாது.

இப்படிப் போட்டுப் பாருங்கள். அரங்கு காலை 10 முதல் மாலை 6 வரை, 8 மணி நேரம். ஒரு மணி நேர மேடை நிகழ்ச்சி, நடந்துபோய் ஒயர் மாட்டித் திரும்பி வருவதோடு ஒன்றரை மணி நேரம் தின்னும். கையெழுத்து இரண்டு மணி. சாப்பாடு, கழிவறை, சும்மா கொஞ்சம் மூச்சு விடுவது ஒரு மணி. மிச்சம் மூன்றரை மணி, அதாவது 210 நிமிடம். வீட்டில் 20 நிமிடத்தில் முடியும் முகப்படம் இங்கே 30 நிமிடம் பிடிக்கும். ஒவ்வொரு நான்கு கோட்டுக்கும் ஒருவர் வந்து நிற்பார், நீங்கள் தலை நிமிர்ந்து சிரித்தாக வேண்டும். அதற்காகத்தானே உங்களைக் கூப்பிட்டார்கள். 210-ஐ 30-ஆல் வகுத்தால் 7. பட்டியலில் 5 பேரோடு நிறுத்துங்கள். மீதி இரண்டு இடம், தப்பிப்போகும் கோடுகளுக்கும், தூரத்திலிருந்து வந்து முகம் வாடி நிற்கும் ஒரு ரசிகருக்கும்.

பட்டியலைத் தாளில் போடுங்கள். வரிசை எண், பெயர், தொலைபேசி எண், எந்தப் பாத்திரம், எந்த அளவு, பணம் வந்ததா, எத்தனை மணிக்கு வாங்கிக்கொள்வார். முழுப் பணமும் முன்னாலேயே. பாதி வாங்கினால், படத்தை மறந்துவிட்டு ஊருக்கு ரயில் ஏறிப் போனவரின் படம் உங்கள் பெட்டியில் திரும்பி வரும். பாத்திரத்தின் பெயர் மட்டும் போதாது. ஒரே பாத்திரத்துக்கு முப்பது ஆண்டில் பத்து உடை மாறியிருக்கும். மாதிரிப் படத்தை அங்கேயே அவருடைய போனில் திறந்து காட்டச் சொல்லி, அதை உங்கள் போனில் ஒரு போட்டோ எடுத்துவிடுங்கள். ‘அப்புறம் அனுப்புகிறேன்’ என்பது ஆயிரம் பேர் கூடிய அரங்கின் நெட்வொர்க்கில் வந்து சேராது.

‘வீட்டுக்குப் போய் முடித்து அனுப்புகிறேன்’ என்பதைக் கூடியவரை வாயில் வரவிடாதீர்கள். பேக்கிங், தபால், ‘எங்கே சார் என் படம்’ என்ற விசாரிப்பு எல்லாம் சேர்த்தால் அரங்கில் வாங்கிய பணம் அதற்குக் கட்டாது. கட்டாயம் என்றால் அதற்குத் தனி விலை, தனித் தேதி.

கேள்வி: விலை எப்படி வைப்பது?

பதில்: உங்கள் ஒரு மணி நேரத்துக்கு என்ன வேண்டும் என்பதில் தொடங்குங்கள். முகம் ஒரு விலை, மார்பளவு அதைப்போல் இரண்டு, முழு உருவம் நான்கு. முழு உருவம் முகத்தைப்போல் இரண்டு மடங்கு நேரம்தான் பிடிக்கும் என்று நினைப்பதுதான் எல்லாரும் செய்யும் தப்பு. கையும் காலும் பாதமும் நேரத்தைக் குடிக்கும். இரண்டாவது பாத்திரம் சேர்ந்தால் இன்னொரு முழு விலை. பின்னணி வேண்டுமென்றால் ‘இங்கே முடியாது’ என்று சொல்லிவிடலாம். விலையைப் பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள். விலை தெரியாத மேசையில் கேட்கக் கூச்சப்பட்டே பாதிப் பேர் நகர்ந்துவிடுவார்கள். சில்லறை தேடாத முழுத் தொகையாக இருக்கட்டும்.

கேள்வி: திரையில் பளபளவென்று இருந்த நீலமும் பச்சையும் பிரின்ட்டில் சேறு மாதிரி வந்துவிட்டன. அச்சகத்தின் தவறா?

பதில்: பெரும்பாலும் இல்லை. திரை ஒளியால் நிறம் காட்டுகிறது, ஆர்ஜிபி (சிவப்பு, பச்சை, நீலம்). அச்சு மையால் காட்டுகிறது, சிஎம்ஒய்கே (சயான், மஜெந்தா, மஞ்சள், கறுப்பு). மின்னும் நீலம், நியான் பச்சை, சூடான இளஞ்சிவப்பு ஆகியவை நான்கு மையின் எல்லைக்கு வெளியே இருக்கின்றன. அச்சகத்தின் மென்பொருள் கிடைத்ததில் கிட்டத்தட்ட பொருந்துவதைப் போட்டுவிடும். வரையும்போதே சிஎம்ஒய்கே முன்னோட்டத்தை அவ்வப்போது போட்டுப் பாருங்கள். மங்கும் நிறத்தை நீங்களே உங்கள் ரசனைப்படி மாற்றிவிடலாம். கடைசியில் மாற்றினால் இயந்திரம் மாற்றும், அதற்கு ரசனை கிடையாது.

கறுப்பைக் கவனியுங்கள். நான்கு மையும் நூறு நூறு என்று போட்டால் மொத்தம் 400 சதவீதம். மை காயாமல் அடுத்த தாளின் முதுகில் ஒட்டும். 300-ஐத் தாண்டாமல் வைப்பது நல்லது, அச்சகம் சொல்லும் எல்லை இன்னும் குறைவாகவும் இருக்கலாம். மெல்லிய கோடுகளும் எழுத்தும் தனிக் கறுப்பு மை மட்டும். இல்லாவிட்டால் மைத் தகடு கடுகளவு விலகினாலும் கோட்டுக்கு வண்ண நிழல் முளைக்கும்.

அளவு: 300 டிபிஐ-யில் (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி) ஏ4 என்றால் 2480 × 3508 பிக்சல், ஏ3 என்றால் 3508 × 4961. ஓரம்வரை நிறம் வேண்டுமானால் நான்கு பக்கமும் 3 மில்லிமீட்டர் கூடுதல் விடுங்கள். ஏ4 அப்போது 216 × 303 மி.மீ., 2551 × 3579 பிக்சல். கையெழுத்தையும் முகத்தையும் வெட்டுக்கோட்டிலிருந்து குறைந்தது 5 மி.மீ. உள்ளே தள்ளி வையுங்கள். பின்னால் தொங்கும் பெரிய பேனருக்கு 300 தேவையில்லை. தூரத்திலிருந்து பார்ப்பதற்கு 150 போதும்.

நூறு அச்சடிக்கும் முன் ஒன்று அடித்து, வெயிலிலும் விளக்கிலும் பாருங்கள். தாள் பளபளப்பில்லாத மேட் ஆக இருக்கட்டும். அரங்கின் மேல்விளக்கு பளபளத் தாளில் வெள்ளைத் திட்டாக விழுந்து, நின்று பார்ப்பவருக்குப் படமே தெரியாது. அதோடு லேமினேட் செய்த தாளில் பேனா ஓடாது; நீங்கள் போட்ட கையெழுத்து ரசிகரின் கட்டைவிரலில் போய்விடும்.

கேள்வி: எத்தனை பிரின்ட் கொண்டுபோகலாம்?

பதில்: முதல் முறைக்கு 12 படம், ஒவ்வொன்றிலும் 8. அதற்குமேல் சுமைதான். மூன்று படம் முதல் நாளே தீரும், நான்கு படம் யாரும் தொடாமல் அப்படியே திரும்பி வரும், எது என்று முன்கூட்டி யாராலும் சொல்ல முடியாது. எடையையும் பாருங்கள்: 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) ஏ3 தாள் ஒன்று சுமார் 37 கிராம், நூறு தாள் 3.7 கிலோ. மடங்காமலிருக்கப் பின்னால் வைக்கும் அட்டையும், ஸ்லீவ் என்ற பிளாஸ்டிக் உறையும் சேர்த்தால் இன்னும் ஏறும். ஸ்லீவில் போட்டே கொண்டுபோங்கள், அங்கே போய்ப் போட நேரம் கிடைக்காது.

கேள்வி: மேசையை எப்படி அமைப்பது?

பதில்: வழக்கமான மேசை 6 அடி நீளம், இரண்டரை அடி அகலம். ஆனால் ‘ஒரு டேபிள்’ என்று சொல்லிப் பாதி டேபிள் தருபவர்களும் உண்டு, முதலிலேயே கேளுங்கள். வீட்டுத் தரையில் டேப் ஒட்டி அதே அளவைக் குறித்து, எல்லாவற்றையும் அடுக்கிப் பார்த்துப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். விழாக் காலையில் அந்தப் போட்டோவைப் பார்த்து அடுக்கினால் அரை மணி நேரத்தில் முடியும்.

படுக்கவைத்த பிரின்ட்டை எதிரில் நிற்பவர் மட்டும்தான் பார்ப்பார். மூன்றாவது வரிசையில் நடந்துபோகிறவரின் கண்ணுக்கு எட்ட வேண்டுமானால் நிமிர்த்தி மாட்டியாக வேண்டும். கம்பி வலைச் சட்டங்களை ஜிப்-டை என்ற பிளாஸ்டிக் கட்டால் இணைத்து நிறுத்தலாம். நான்கு பக்கமும் மேசையோடு கிளிப் போடுங்கள். யாராவது முதுகுப்பையோடு திரும்பினால் சாய்வது முதலில் அதுதான். உயரத்துக்கு அரங்க விதி இருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள்.

மேசைவிரிப்பு தரைவரை தொங்க வேண்டும். மேசை உயரம் சுமார் 75 செ.மீ., நீளம் 183. இரு பக்கமும் சேர்த்து 183 + 75 + 75 = 333 செ.மீ. துணி. அகலத்துக்கு 76 + 75 = 151, உங்கள் பக்கம் தொங்கத் தேவையில்லை. அழகுக்காகச் சொல்லவில்லை. காலிப் பெட்டி, தண்ணீர் பாட்டில், மிச்சச் சரக்கு எல்லாம் அதற்குள்தான் போகும். சில அரங்குகள் தீப்பிடிக்காத துணி கேட்கும்.

கேள்வி: மார்க்கரில் வரைந்த ஸ்கெட்ச் கலங்குகிறது, தாளுக்குப் பின்னால் ஊறுகிறது, ஓவியர் வரைவதற்கென்றே வெறுமையாக விட்ட காமிக்ஸ் அட்டையில் ஒட்டவே மாட்டேன் என்கிறது. என்ன செய்வது?

பதில்: மூன்றும் மூன்று வேறு நோய்.

கலங்குவது கோட்டு மையால். ஆல்கஹால் மார்க்கரின் கரைப்பான், சாதாரண பெர்மனென்ட் மார்க்கர், பால்பாயின்ட் இரண்டையும் கரைத்து இழுத்துக்கொண்டு போகும். கோட்டுக்கு நிறமித் துகள் மை உள்ள பேனாதான் வேண்டும், அதுவும் காய்ந்த பிறகு. வீட்டில் ஒரு நிமிடத்தில் காய்வது, ஈரப்பதம் கூடிய அரங்கில் மூன்று நிமிடம் பிடிக்கும். இரண்டு படங்களை மாற்றி மாற்றிச் செய்யுங்கள்: ஒன்றில் கோடு போட்டுவிட்டு, அது காயும்போது மற்றதற்கு வண்ணம். அழிப்பானும் மை காய்ந்த பிறகே.

ஊறுவது தாளால். வழுவழுப்பான, கனமான பிரிஸ்டல் தாள் ஓரளவு தாங்கும். அடியில் எப்போதும் ஒரு கழிவுத்தாள். காமிக்ஸ் புத்தகத்தின் வெற்று அட்டையில் வரையும்போது அட்டைக்கும் முதல் பக்கத்துக்கும் நடுவில் ஒரு தடித்த அட்டையைச் செருகுங்கள். செருகாமல் வரைந்தால் உள்ளே அச்சான முதல் பக்கத்தில் உங்கள் நாயகனின் ஆவி தெரியும், புத்தகமும் கெடும்.

ஒட்டாமல் போவது பூச்சால். அட்டையில் பூச்சு இருந்தால் மை உள்ளே இறங்காமல் மேலேயே குளம் கட்டி நிற்கும். விரல் பட்டால் வழிந்துவிடும். வரைய ஒப்புக்கொள்ளும் முன், உரிமையாளரைக் கேட்டுக்கொண்டு பின்னட்டையின் மூலையில் ஒரு சின்னப் புள்ளி வைத்து, அரை நிமிடம் விட்டு விரலால் தேய்த்துப் பாருங்கள். வழிந்தால் வண்ணத்தை விட்டுவிட்டுக் கறுப்பில் மட்டும் வரைகிறேன் என்று சொல்லுங்கள், அல்லது தனித் தாளில் வரைந்து கொடுங்கள்.

நான்காவது நோய் ஒன்று இருக்கிறது, யாரும் கேட்கவில்லை. கூட்டத்தில் கை குலுக்கியபின் சானிடைசர் போடுவீர்கள். அதுவும் ஆல்கஹால்தான். ஈரக் கையை வண்ணத்தின் மேல் வைத்தால், உள்ளங்கையின் ஓரம் பட்ட இடத்தில் மை கரைந்து வெளிறிய திட்டு விழும், முகத்தின் நடுவில் என்றால் முடிந்தது கதை. கை நன்றாகக் காயும்வரை பேனாவைத் தொடாதீர்கள். வரையும்போது உள்ளங்கைக்கு அடியில் ஒரு துண்டுத் தாள் இருக்கட்டும்.

கேள்வி: பிரபலப் பாத்திரங்களை வரைந்து விற்கலாமா? எல்லாரும் விற்கிறார்களே?

பதில்: எல்லாரும் செய்வதால் உரிமை வந்துவிடாது. பாத்திரம் படைப்பாளருக்கோ பதிப்பகத்துக்கோ சொந்தம். பல நிறுவனங்கள் கண்டுகொள்ளாமல் விடுகின்றன, சில தெளிவான ரசிகர் படைப்பு விதிகளை வெளியிட்டிருக்கின்றன, சில நோட்டீஸ் அனுப்புகின்றன. 1975-இல் தொடங்கிய தோக்கியோவின் காமிக் மார்க்கெட் ரசிகர்கள் தாங்களே அச்சடித்த புத்தகங்களின் சந்தையாகவே வளர்ந்தது. ஆனால் அந்தச் சகிப்பு அந்தச் சூழலுக்கு உரியது, வேறு அரங்கில் அதைக் காட்டி வாதாட முடியாது. அதிகாரபூர்வ லோகோவைப் பிரின்ட்டில் போடாதீர்கள். வாங்குபவர் அதை நிறுவனத்தின் வெளியீடு என்று நினைக்க இடம் தரும். அதிகாரபூர்வ ஓவியத்தைப் பார்த்து அப்படியே வரைந்து விற்பது ரசிகர் படைப்பே இல்லை.

நீங்கள் ஒரு பதிப்பகத்துக்காக வரைந்தவரானால் இன்னொரு முடிச்சு. உங்கள் கையால் வரைந்த பக்கம் என்றாலும் அதைப் பிரின்ட் போட்டு விற்கும் உரிமை ஒப்பந்தப்படி பதிப்பகத்திடம் இருக்கலாம். எடுத்துப் படித்துவிட்டு அச்சகத்துக்குப் போங்கள்.

கேள்வி: கையெழுத்து வாங்க ஒருவர் நாற்பது புத்தகங்களோடு வந்தார். எல்லாவற்றிலும் போட வேண்டுமா?

பதில்: ‘ஒருவருக்கு மூன்று, மீண்டும் வரிசையில் வந்தால் இன்னும் மூன்று’ என்று மேசையில் எழுதி வையுங்கள். எழுதி வைத்த விதியோடு யாரும் சண்டை போடுவதில்லை, வாயால் சொல்லும் விதியோடுதான் போடுவார்கள்.

பெயரோடு கையெழுத்துப் போடும்போது அந்தப் பெயரை அவரையே சின்ன ஒட்டுத்தாளில் எழுதச் சொல்லி, அந்தப் பக்கத்தில் ஒட்டி வரச் செய்யுங்கள். சத்தத்தில் காதால் கேட்டு எழுதினால் தப்பும், பெயர் தப்பிய புத்தகத்தைச் சரிசெய்ய வழியே இல்லை. கறுப்பு அட்டைக்கு வெள்ளி மைப் பேனா. போட்டதும் மூடாமல், காய்ந்தபின் மூடச் சொல்லித் திறந்தபடியே கொடுங்கள்.

ஐரோப்பிய விழாவானால் இன்னொன்றும் கேட்டுக்கொள்ளுங்கள். பிரான்ஸின் அங்கூலேம் நகரில் 1974-இல் தொடங்கிய காமிக்ஸ் விழா போன்ற இடங்களில், வாங்கிய புத்தகத்தின் முதல் பக்கத்தில் ஓவியர் இலவசமாக ஒரு படமே வரைந்து தருவது வழக்கம். ரசிகர் கையெழுத்தை அல்ல, அந்தப் படத்தை எதிர்பார்த்து நிற்பார். 5 நிமிடத்தில் முடியும் நான்கைந்து முகங்களை முன்பே பழகிக்கொண்டு போங்கள்.

கேள்வி: மேடையில் வரைந்து காட்டச் சொல்லியிருக்கிறார்கள். 45 நிமிடம். பயமாக இருக்கிறது.

பதில்: வரைவதில் பயப்பட ஒன்றுமில்லை, ஒயரில்தான் இருக்கிறது. டேப்லெட் என்றால் பெரிய திரையோடு அதை இணைக்கும் எச்டிஎம்ஐ அடாப்டரையும் சார்ஜரையும் நீங்களே எடுத்துப் போங்கள். அங்கே இருப்பது உங்கள் கருவியில் மாட்டாது என்று வைத்துக்கொள்ளுங்கள். தாள் என்றால் மேலிருந்து பார்க்கும் கேமரா வேண்டும், பதினைந்து நிமிடம் முன்பே போய் உங்கள் கை படத்தை மறைக்காத கோணத்தில் திருப்பி வையுங்கள். இடது கைக்காரர்கள் இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அறிவிப்புகளை அணைத்து வையுங்கள். வீட்டுச் செய்தி பெரிய திரையில் விழ வேண்டாம்.

45 நிமிடத்தில் வரைய 25 நிமிடம்தான் உண்டு. அறிமுகத்துக்கு 5, கேள்விகளுக்கு 15 போய்விடும். வெளிர்நீலப் பென்சிலில் அடிக்கோட்டை முன்பே மெல்லிசாகப் போட்டு எடுத்துப் போகலாம், திரையில் மங்கலாகத்தான் தெரியும். ஏமாற்று வேலை இல்லை, மாவு பிசைந்து வைத்துவிட்டுத்தான் அடுப்பைப் பற்றவைக்கிறோம். தடித்த பேனாவில் வரையுங்கள், 0.1 மி.மீ. முனையின் கோடு கடைசி வரிசைக்குத் தெரியாது. கையும் வாயும் சேர்ந்து ஓடாதவர் பேச்சுக்கொடுக்க ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்வது நல்லது.

கேள்வி: வெளிநாட்டு விழா. பயணத்தில் எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: முதலில் விசா. விருந்தினராகப் பேசுவதும், மேசை போட்டு விற்பதும் பல நாடுகளின் கண்ணில் ஒன்றல்ல. சுற்றுலா விசாவில் விற்பனை அனுமதியில்லாமல் இருக்கலாம். அழைப்புக் கடிதத்தில் என்னென்ன செய்வீர்கள் என்பது உள்ளபடி எழுதப்பட வேண்டும், தூதரகத்தில் அதையே காட்டிக் கேளுங்கள்.

சுங்கம் அடுத்தது. கண்காட்சிக்கான மூலப்படங்களையும் தொழில் கருவிகளையும் வரி கட்டாமல் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவர ஏடிஏ கார்னே என்ற ஆவணம் இருக்கிறது, அந்த ஏற்பாட்டில் சேர்ந்த நாடுகளுக்குள் செல்லும். திரும்பி வர வேண்டிய பொருளுக்கு மட்டும்தான் அது. விற்கப்போகும் பிரின்ட்டுக்கு உதவாது. அதனால் பலர் படத்தின் கணினிக் கோப்பை அனுப்பி, விழா நடக்கும் ஊரிலேயே அச்சடித்து வைக்கச் சொல்கிறார்கள். சுமையும் மிச்சம். மாதிரி ஒன்று தபாலில் வரவழைத்துப் பார்த்த பிறகு மொத்தத்தையும் அடிக்கச் சொல்லுங்கள்.

விமானத்தில் கத்தி, பிளேடு எல்லாம் சரக்குப் பெட்டியில். பவர் பேங்க் கைப்பையில்தான், 100 வாட்-மணிக்குள்; 27,000 எம்ஏஎச் வரை என்று வைத்துக்கொள்ளலாம். மை, திரவங்கள் கைப்பையில் 100 மி.லி.க்கு மேல் கூடாது. ஆல்கஹால் மார்க்கரின் நிரப்பு மை எரியக்கூடியது, அதற்கு விமான நிறுவனத்தைக் கேட்காமல் எடுத்துப் போகாதீர்கள். மைப்பேனாவுக்குள் பாதி மையும் பாதிக் காற்றும் இருந்தால் மேலே போகப் போகக் காற்று விரிந்து மையைத் தள்ளும். ஒன்று முழுக்க நிரப்புங்கள், இல்லை காலி செய்யுங்கள். முனை மேலே பார்க்கட்டும். மூலப்படங்கள் ஒருபோதும் சரக்குப் பெட்டியில் போகக் கூடாது.

கேள்வி: தனியாகப் போகிறேன். கழிவறை போனால் மேசையை யார் பார்ப்பது?

பதில்: பக்கத்து மேசைக்காரர். காலையில் முதல் வேலையாக அவரிடம் பேசிப் பழகிவிடுங்கள். விருந்தினர்களைக் கவனிக்க அமைப்பாளர்கள் ஒரு தன்னார்வலரை நியமிப்பதும் உண்டு, அவருடைய எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பணப்பையை மட்டும் யாரிடமும் விடாமல் கூடவே எடுத்துப் போங்கள்.

கேள்வி: இரண்டாம் நாள் மாலைக்குள் மணிக்கட்டும் கழுத்தும் போய்விடுகின்றன.

பதில்: மடக்கு நாற்காலி தாழ்வு, மேசை உயரம். அதனால் தோளைத் தூக்கியபடியே வரைகிறீர்கள், வலி அங்கே தொடங்குகிறது. உட்காரும் இடத்தில் ஒரு தடித்த குஷன் போட்டு முழங்கையை மேசை மட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். தட்டையான மேசையில் குனிந்தால் கழுத்து போகும். 20 முதல் 30 டிகிரி சாய்ந்த பலகை ஒன்றைக் கொண்டுபோய் அதன்மேல் வரையுங்கள். விற்பனை நின்றபடி, வரைவது உட்கார்ந்தபடி என்று வைத்துக்கொண்டால் உடம்பு தானாகவே மாறி மாறி இயங்கும். கை மரத்தால் அல்லது விரல் நுனி கூசினால் அன்றைய பட்டியலை அங்கேயே மூடிவிட்டு மீதிப் பணத்தைத் திருப்பிக் கொடுங்கள்.

கேள்வி: ஒரு சின்னப் பெண் தன் ஸ்கெட்ச் புத்தகத்தை நீட்டி ‘எப்படி இருக்கிறது’ என்றாள். வரிசை நீளமாக நின்றது. என்ன சொல்வது?

பதில்: ‘நன்றாக இருக்கிறது’ என்று மட்டும் சொல்லி அனுப்பாதீர்கள், அது அவளுக்குப் பயன்படாது. மூன்று பக்கம் புரட்டுங்கள். அவளே யோசித்துச் செய்த ஒன்றைச் சுட்டிக்காட்டுங்கள், ‘இந்தக் கை முட்டி சரியாக மடங்கியிருக்கிறது’ என்பதுபோல். அடுத்து பயிற்சி செய்ய ஒன்றே ஒன்று சொல்லுங்கள், இரண்டு கூடச் சொல்லாதீர்கள். ஒன்றரை நிமிடத்தில் முடியும். தொழிலில் வரப் பார்க்கும் பெரியவர்கள் போர்ட்ஃபோலியோ (தங்கள் படைப்புகளின் தொகுப்பு) நீட்டினால், விழாவில் அதற்கென்று நேரம் ஒதுக்கியிருந்தால் அங்கே வரச் சொல்லுங்கள்.

கேள்வி: கடைசி நாள் எத்தனை மணிக்கு எடுத்துக்கட்டத் தொடங்கலாம்?

பதில்: அரங்கு மூடும் நேரத்துக்கு ஒரு நிமிடம் முன்பும் வேண்டாம். கடைசி ஒரு மணி நேரத்தில்தான் மூன்று நாளாகச் சுற்றிச் சுற்றி யோசித்தவர்கள் திரும்பி வந்து வாங்குவார்கள். மேல்விளக்கு மங்கும்வரை கம்பி வலையைக் கழற்றாதீர்கள். பேனா, பட்டியல், வாங்க வராத இரண்டு படங்கள் மூன்றும் மேசைமேலேயே இருக்கட்டும். அந்த இருவருக்கும் அரை மணி முன்பே ஒரு போன் போட்டுவிடுங்கள். ஒருவர் தனக்குப் பிடித்த பாத்திரத்தைப்போல் போட்ட காஸ்ப்ளே உடையோடு வாசலில் வண்டிக்காக நின்றுகொண்டிருப்பார்.